மேடைப் பூவுக்கும் ஒரு சரித்திரம் உண்டு!

விழா என்றால் மைக் செட்டுக்கு அடுத்தபடியாக நாம் கவலைப்படுவது மேடை அலங்காரத்தைப் பற்றித்தான். நாம் படித்த காலத்தில் அது மாணவர்கள் கையில் இருந்தது. வாசலில் இரண்டு வாழைமரம், மாவிலைத் தோரணம், குருத்தோலைப் பின்னல், மேடைக்கு முன்னால் தோட்டக்காரர் தூக்கிக்கொண்டு வந்து வைத்த பூந்தொட்டிகள். அவ்வளவுதான், மேடை களை கட்டிவிடும். இப்போது ஒரு போன் போட்டால் போதும். டெக்கரேஷன் வேன் வந்து நிற்கும், இரண்டு மணி நேரத்தில் மேடை தயார். மறுநாள் காலையில் எல்லாம் குப்பைமேட்டில்!

நான் தொழிலால் இன்ஜினீயர். தொண்டூர்ப் பக்கத்துக்காரன். மொட்டை மாடியில் நாற்பது தொட்டிகளில் பூச்செடி வளர்ப்பது என் பொழுதுபோக்கு. இந்தச் செடிகளெல்லாம் நம் ஊருக்கு எப்படி வந்தன, பழைய காலத்தில் விழாவுக்குப் பூ எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்ததில் கிடைத்த சங்கதிகளை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

தொண்டூர்ப் பாறை சொல்வது

செஞ்சிக் கோட்டையைப் பார்க்க வருகிறவர்களில் நூற்றுக்கு ஒருவர்கூட தொண்டூர் வரை வருவதில்லை. இங்கே சமணத் துறவிகள் தங்கிய குகையும் கற்படுக்கைகளும் இருக்கின்றன. அங்குள்ள தமிழ்-பிராமிக் கல்வெட்டை கி.பி. 3-ஆம் நூற்றாண்டு அளவில் வைக்கிறார்கள் அறிஞர்கள். அதில் வரும் அகழூர் என்ற ஊர் அகலூர் என்று இன்றைக்கும் பக்கத்திலேயே இருக்கிறது!

இதே தொண்டூரில் சோழர் காலத்துக் கல்வெட்டு ஒன்றும் உண்டு. விண்ணகோவரையன் என்ற பட்டம் கொண்ட ஒரு தலைவன் இங்கிருந்த சமணப் பள்ளிக்குக் கொடுத்த தானத்தைச் சொல்கிறது அது. பள்ளிக்கு ஓர் ஊரைக் கொடுத்தான். அதோடு விட்டானா? தோட்டத்தையும் கிணறுகளையும் சேர்த்தே கொடுத்தான். தோட்டம் கொடுத்தால் தண்ணீரும் கொடுக்க வேண்டும் என்பது அந்த ஆளுக்குத் தெரிந்திருக்கிறது பாருங்கள்.

கோயில்களிலும் இதே கதைதான். சோழர் கல்வெட்டுகளில் ‘திருநந்தவனப்புறம்’ என்ற சொல் அடிக்கடி வரும். நந்தவனத்துக்கென்று ஒதுக்கிய நிலம் என்று பொருள். சாமிக்குச் சாத்தும் மாலைக்குத் ‘திருப்பள்ளித்தாமம்’ என்று பெயர். நிலத்தை விடுவார்கள், அதில் செடி வைத்துத் தண்ணீர் இறைத்துப் பூப்பறித்துத் தொடுக்கிற குடிகளுக்கு நெல்லும் ஏற்பாடு செய்வார்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் சாமி குளிக்கும் தண்ணீருக்கு மணம் சேர்க்க ஏலம், செண்பக மொட்டு, இலாமிச்சை வேர் வாங்குவதற்கென்றே பணம் முதலீடு செய்து, அதன் வட்டியிலிருந்து செலவு நடந்திருக்கிறது. செண்பக மொட்டுக்கு ஒரு பிக்சட் டெபாசிட்!

ஆக, அன்றைக்கு அலங்காரம் என்பது விழாவுக்கு முதல் நாள் ஆரம்பிக்கிற வேலையில்லை. நிலம், தண்ணீர், ஆள், கூலி என்று பல வருடத்துக்கு முன்பே திட்டமிட்ட வேலை.

கல்யாண மகாலும் மண்குழாயும்

இன்ஜினீயர் என்பதால் செஞ்சிக் கோட்டையில் என்னை அதிகம் கவர்ந்தது கல்யாண மகால்தான். நடுவில் எட்டு நிலை கோபுரம், மேலே கூம்பு போன்ற கூரை, சுற்றிலும் சதுர முற்றமும் அறைகளும். கோட்டைச் சுவருக்கு வெளியே இருந்த நீர்நிலையிலிருந்து மண்குழாய் வழியாக இந்தக் கட்டடத்தின் மேல்தளங்களுக்குத் தண்ணீர் ஏற்றியிருக்கிறார்கள். மோட்டார் கிடையாது, கரண்ட் கிடையாது. குழாயின் ஒரு முனை உயரத்தில் இருந்தால் மறுமுனையில் தண்ணீர் கிட்டத்தட்ட அதே உயரத்துக்கு ஏறும் என்ற சாதாரண விதிதான். நாம் முதல் வருடம் படித்ததை அவர்கள் சுண்ணாம்பிலும் சுட்ட மண்ணிலும் செய்து காட்டிவிட்டார்கள்.

1597-ல் பிமெண்டா என்ற ஏசுசபைப் பாதிரியார் செஞ்சிக்கு வந்தார். இந்தியாவில் தான் பார்த்த நகரங்களிலேயே இதுதான் பெரியது என்றும், போர்ச்சுகல் நாட்டில் லிஸ்பனைத் தவிர வேறெதுவும் இதற்கு ஈடில்லை என்றும் எழுதிவைத்தார். கிருஷ்ணப்ப நாயக்கர் பட்டு விரிப்பில் சாய்ந்தபடி அவரை வரவேற்றாராம். அதன் பிறகு மராட்டியர், மொகலாயர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று கை மாறி, 1761-க்குப் பிறகு ஊர் ஓய்ந்துபோனது. 2025 ஜூலையில் மராட்டிய இராணுவ நிலக்காட்சிகள் என்ற தொகுப்பில் ஒன்றாக யுனெஸ்கோ உலக பாரம்பரியப் பட்டியலில் செஞ்சி சேர்ந்தபோது நம்மவர்கள் எல்லோரும் வாட்ஸ்அப்பில் பெருமைப்பட்டுக்கொண்டோம். பெருமைப்பட வேண்டியதில் அந்த மண்குழாயும் ஒன்று.

கப்பலேறி வந்த ‘நம்ம ஊர்’ப் பூக்கள்

பிமெண்டா போன்றவர்கள் வந்த அந்த நூற்றாண்டுகளில் ஐரோப்பியக் கப்பல்களில் இன்னொன்றும் பயணம் செய்தது. செடி! நம் மேடையில் பாதி அப்படி வந்தவைதான். ஆயுத பூஜைக்குச் சரம் சரமாகக் கட்டுகிறோமே துலுக்கச் சாமந்தி, அதன் தாய்வீடு மெக்சிகோ. அங்கே இறந்தவர்களை நினைக்கும் நாளில் கல்லறைகளை இந்தப் பூவால்தான் அலங்கரிக்கிறார்கள். கல்யாண மாலையில் மணக்கும் சம்பங்கிக்கும் பூர்வீகம் மெக்சிகோவே. கல்வாழை, டேபிள் ரோஸ் இரண்டும் அமெரிக்கக் கண்டத்தவை. மல்லிகை, கனகாம்பரம், டிசம்பர் பூ மாதிரி நம் மண்ணில் வெகுகாலம் வளர்ந்தவை தனி.

காகிதப்பூவின் கதை சினிமாவையே மிஞ்சும். 1766-ல் பூகன்வில் என்ற பிரெஞ்சுத் தளபதி உலகைச் சுற்றப் புறப்பட்டார். கப்பலில் கொமெர்சன் என்ற தாவரவியலாளரும், அவருக்கு உதவியாக ஆண் வேடத்தில் ழான் பாரே என்ற பெண்ணும் இருந்தார்கள். 1767-ல் ரியோ டி ஜெனீரோவில் இந்தச் செடியைச் சேகரித்து, தளபதியின் பெயரையே அதற்கு வைத்தார்கள். கப்பலில் உலகைச் சுற்றிவந்த முதல் பெண் என்று இன்றைக்குப் போற்றப்படுகிறவர் அந்த ழான் பாரேதான். இன்னொரு விஷயம்: நாம் பூ என்று நினைக்கும் அந்தச் சிவப்புக் ‘காகிதம்’ பூவே இல்லை. உள்ளே இருக்கும் சின்ன வெளிர்க் குழல்தான் பூ.

மாதக்கணக்கில் போகும் கப்பலில் உப்புக்காற்றிலும் தண்ணீர்ப் பஞ்சத்திலும் செடிகள் செத்துப்போகும். அதற்கு வழி கண்டவர் லண்டன் டாக்டர் நத்தானியேல் வார்ட். மூடிய கண்ணாடிப் பாத்திரத்தில், உள்ளே எழும் ஈரமே திரும்பத் திரும்பச் செடிக்குத் தண்ணீராகிறது என்று 1829-ல் கவனித்தார். 1833-ல் அப்படிப்பட்ட கண்ணாடிப் பெட்டிகளில் செடிகள் சிட்னி வரை உயிரோடு போய்ச் சேர்ந்தன. அதன் பிறகு செடிகள் கண்டம் விட்டுக் கண்டம் போவது சுலபமாயிற்று.

நம் பக்கத்தில் புதுச்சேரித் தாவரவியல் பூங்கா 1826-லும், சென்னையில் வேளாண் தோட்டக்கலைச் சங்கம் 1835-லும், ஊட்டி பூங்கா 1848-லும் தோன்றின. ஊட்டி மலர்க்காட்சி 1896-ல் தொடங்கியது. கலெக்டர் பங்களாவிலும் துரைமார் வீட்டு வராந்தாவிலும் இருந்த பூந்தொட்டி, மெல்ல மெல்ல வாத்தியார் வீட்டுத் திண்ணைக்கும் குமாஸ்தா வீட்டு மாடிப்படிக்கும் வந்தது. உடைந்த பிளாஸ்டிக் வாளியும் பழைய எண்ணெய் டின்னும் தொட்டியாயின. இன்றைக்கு நம் வீட்டில் பூக்கும் செடிக்கு இவ்வளவு நீண்ட பரம்பரை உண்டு என்றால் மிகையாகாது.

எங்கே தடம் மாறினோம்?

1954-ல் அமெரிக்காவில் பூச்செருகும் பச்சை நிறப் ‘ஃபோம்’ கட்டி வந்தது. தண்ணீரில் ஊறவைத்து, பூவைச் செருகினால் வாடாமல் நிற்கும். வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் அது ஒருவகை பிளாஸ்டிக். மக்காது, தூளாகி மண்ணிலும் நீரிலும் கலக்கும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தெர்மாகோல் தட்டுக்கும் கப்புக்கும் தடை வந்துவிட்டது. சாப்பாட்டுப் பந்தியில் தடுத்ததை மேடைக்குப் பின்னால் வேறு ரூபத்தில் கொண்டுவந்து கொட்டினால் என்ன நியாயம்?

குப்பை ஒரு பக்கம் இருக்கட்டும். வளர்த்து அலங்கரிப்பது போய், வாங்கி அலங்கரிப்பது வந்துவிட்டது. அதில் மாணவனுக்கும் மேடைக்கும் இருந்த உறவு அறுந்துபோனது. பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து முழம் போட்டுக் கொடுக்கும் பூக்கட்டும் அம்மாக்களுக்கும் விழாவில் பங்கில்லாமல் போயிற்று. நந்தவனக் குடிகளுக்கு நெல் அளந்த ஊரில் இது நல்லதாகப் படவில்லை.

அடுத்த மேடை நம் கையில்!

தம்பிகளே, தங்கைகளே! விழா தேதி தெரிந்தால் பின்னோக்கி எண்ணிச் செடி வைக்கலாம். பிராஜெக்ட் ஷெட்யூல் போடுவது மாதிரிதான். அடுத்த சந்திப்பு பொங்கல் விடுமுறையில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

செவ்வந்தித் தண்டை ஜூன், ஜூலையில் ஊன்ற வேண்டும். அது இரவு நீளும்போதுதான் மொட்டு விடும். பகலிரவு நீளத்தைக் கணக்கு வைத்துச் செடிகள் பூக்கின்றன என்று கார்னர், அல்லார்ட் என்ற இரண்டு அமெரிக்க விஞ்ஞானிகள் 1920-ல் எழுதினார்கள். அதனால் செவ்வந்தித் தொட்டியைத் தெருவிளக்குக்குக் கீழே வைக்காதீங்க. விடிய விடிய வெளிச்சம் பட்டால் பூக்காமல் அடம்பிடிக்கும்! துலுக்கச் சாமந்தியையும் ஜினியாவையும் நவம்பர் நடுவில் விதைத்தால் ஏறக்குறைய அறுபது நாளில் பூக்கும். காகிதப்பூவுக்குக் கடைசி மாதத்தில் தண்ணீரைக் கொஞ்சம் குறைத்தால் கொத்துக் கொத்தாகப் பூக்கும். செம்மண், மணல், மக்கிய எரு மூன்றும் சம அளவு. தொட்டிக்கு அடியில் ஓட்டை. தினமும் ஐந்தாறு மணி நேர வெயில். இவ்வளவு போதும்.

விடுதி மாணவர்கள் ஆளுக்கு ஒரு தொட்டி பொறுப்பெடுத்தால் மேடைக்கு வேண்டியது நம் வளாகத்திலேயே தயாராகிவிடும். மண்ணும் தொட்டியும் விதையும் எங்கள் செலவு. இதைச் சங்கத்தின் பொதுக்குழுவில் முன்மொழிகிறேன், மற்றவர்களும் கைகொடுப்பார்கள் என்று நம்புகிறேன். மாலைகளையும் சரங்களையும் நம் ஊர் பூக்கட்டும் அம்மாக்களிடமே முன்பணம் கொடுத்துச் சொல்லிவைப்போம். விழா முடிந்ததும் வந்த விருந்தினர் ஆளுக்கொரு தொட்டியை வீட்டுக்கு எடுத்துப் போகட்டும். பொன்னாடையைவிட அது அதிக நாள் நினைவில் இருக்கும்.

தொண்டூரில் தானம் கொடுத்தவன் தோட்டத்தோடு கிணற்றையும் சேர்த்துக் கொடுத்தான். நாமும் நம் கல்லூரிக்கு அப்படியே கொடுப்போம்.

வாழ்க நம் கல்லூரி! வளர்க அதன் பூந்தோட்டம்!