தோணிப்பொறியைச் சாய்க்கும் முறை

அவுட்போர்டு மோட்டார் என்னும் தோணிப்பொறியை வாணிகத்தில் நிலைபெறச் செய்தவர், நார்வேயிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய ஓலே எவின்ரூட் என்பவர். அவர்க்கு முன்னும் அதனைச் செய்தார் உளர். 1909-ஆம் ஆண்டில் மில்வாக்கி நகரில் அவர் ஆக்கிய பொறி 62 ராத்தல் எடையும் ஒன்றரைக் குதிரைத்திறனும் உடையது. ஐஸ்கிரீமை உருகாமற் கொணர விரும்பியதே அதற்குத் தோற்றுவாய் என்பர். கதை எவ்வாறாயினும் பொறி பயன்பட்டது.

இத்தகைய பொறியின் கால் நீருள் ஆழ்ந்து நிற்றலின், பாறையும் மணலும் அதற்குப் பகையாம். ஆகவே அதனைக் கீலிற் பொருத்தி மேலே தூக்குமாறு அமைத்தனர். ஓடுங்கால் அதனைச் சிறிது சாய்ப்பது வேறொரு பயன் கருதி: பொறியின் காலைத் தோணியை நோக்கிச் சாய்த்தால் முகப்புத் தாழும், அகற்றிச் சாய்த்தால் நிமிரும். சிறு பொறிகளில் தாங்கியிலுள்ள துளைகளுள் ஒன்றில் முளை செருகி இக்கோணத்தை நிறுத்துவர். பெரும் பொறிகட்கோ பின்னாளில் மின்விசையால் எண்ணெயை அழுத்தித் தூக்கும் அமைப்பு வந்தது.

சிறு தோணிக்கும் அது வேண்டுமோ? பம்பும் பாட்டரியும் பின்புறத்தில் ஏற, முகப்புத் தூக்கிப் பின்புறம் அமிழும். கையால் தூக்கத்தக்க பொறிக்கு முளையே சாலும் என்பது நம் துணிபு. தோள்வலி குறைந்தார் மின்விசையை நாடுதல் குற்றமன்று. ஆயின் முன்செல்லுங்கால் தூக்குப்பூட்டைத் திறந்து வைத்தல் வேண்டும். இன்றேல் பாறையில் மோதிய பொறி மேலெழாது பின்பலகையைப் பிளக்கும். பின்செல்லுங்கால் பூட்டுதலை மறத்தலாகாது.