லீவு பாக்கி

உங்கள் லீவு கணக்கில் இப்போது எத்தனை நாள் பாக்கி இருக்கிறது? வேலைக்குப் போகிறவர்கள் இதற்கு டக்கென்று பதில் சொல்லிவிடுவீர்கள். சரி, கடைசியாகக் குடும்பத்தோடு வெளியே போனது எந்த மாசம்? கல்யாணம், காதுகுத்து, துக்கம் கணக்கில் வராது. இதற்குக் கொஞ்சம் யோசிப்பீர்கள், இல்லையா?

எனக்குத் தெரிந்த ஒருவர், திருவொற்றியூர்க்காரர். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ஃபாக்டரியில் 26 வருஷம் ஷிப்ட் பார்த்தவர். மின்சார ரயிலில் போவார், வருவார். வழியில் பொன்னேரி. அங்கே இறங்கி பஸ் பிடித்தால் இருபது கிலோமீட்டருக்குள் பழவேற்காடு. 'ஏரிக்குப் பூநாரை வருதாமே, ஒரு நாள் கூட்டிட்டுப் போங்களேன்' என்று கல்யாணமான புதிதில் மனைவி கேட்டாராம்.

'போலாம், போலாம்' என்றார். பொண்ணு ப்ளஸ் டூ முடிக்கட்டும் என்றார். வீட்டு லோன் முடியட்டும் என்றார். ரிட்டயர் ஆனதும் ஊர் ஊராகப் போகலாம் என்றார்.

ரிட்டயரும் ஆனார். சேர்த்து வைத்த லீவைக் காசாக வாங்கிக்கொண்டார். அதற்குள் அந்த அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டது. ரயில் படி ஏற முடியாது. போன தை மாசம் இவர் மட்டும் தனியாகப் போய்விட்டு வந்தார். வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி கேட்டது ஒரே கேள்விதான். 'எப்படி இருந்துச்சு?'

'தூரத்துல ரோஸ் கலர்ல ஒரு கோடு மாதிரி தெரிஞ்சுது சார். அதைப் போயி வாயால எப்படிச் சொல்றது?' என்றார் என்னிடம்.

அவர் காசாக்கிய அந்த லீவு இருக்கிறதே, அதற்குப் பெரிய கதை உண்டு.

நம் முன்னோர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு கிடையாது. பல ஊர்களில் அமாவாசைக்குத் தறி ஓடாது, கொத்தனார் கரண்டியைத் தொடமாட்டார். ஆடிப்பெருக்குக்குக் கட்டுச்சோறு மூட்டையோடு ஆற்றங்கரை. தையில் காணும் பொங்கல். பேரிலேயே 'காணும்' இருக்கிறது பாருங்கள்! ஆளைப் பார், ஊரைப் பார் என்று அதற்கென்றே ஒரு நாள்.

பிறகு மில் வந்தது. சங்கு ஊதியது. அமாவாசையும் தெரியாது, பெருக்கும் தெரியாது. பம்பாய்ப் பஞ்சாலைகளில் பொழுது விடிந்ததிலிருந்து இருட்டும்வரை வேலை. வாரத்தில் ஒரு நாளாவது விடுங்கள் என்று கேட்கக் கிளம்பியவர் நாராயண் மேகாஜி லோகாண்டே. ஜோதிராவ் ஃபுலேயின் தோழர், 'தீனபந்து' பத்திரிகை ஆசிரியர். 1884-ல் தொழிலாளர்களைக் கூட்டி மனு எழுதினார். 5,500 பேர் அதில் கையெழுத்தும் கைநாட்டும் வைத்தார்கள். மில் முதலாளிகள் சம்மதித்தது 1890 ஜூன் 10-ம் தேதி! ஆறு வருஷம் ஆயிற்று. அடுத்த வருஷமே, 1891 தொழிற்சாலைச் சட்டத்தில், வாரம் ஒரு நாள் ஓய்வு ஏறியது.

லோகாண்டே என்ன ஆனார்? 1897-ல் பம்பாயைப் பிளேக் சூறையாடியபோது நோயாளிகளுக்கு உதவப் போய், அதே பிளேக்கில் இறந்துபோனார். ஐம்பது வயதுகூட நிரம்பவில்லை.

நம்ம சென்னைக்கு வாருங்கள். 1918 ஏப்ரல் 27-ல் பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பி.பி.வாடியாவும் திரு.வி.க.வும் துணை நின்றார்கள். பி அண்ட் சி மில் தொழிலாளிகளின் முதல் குறைகளில் ஒன்று என்ன தெரியுமா? மதியம் சாப்பிட நேரம் போதவில்லை! ஊர் சுற்ற அல்ல, உட்கார்ந்து நாலு வாய் சோறு தின்னச் சில நிமிஷம் கேட்டுப் போராடியிருக்கிறார்கள்.

சம்பளத்தோடு லீவு என்பது 1945 சட்டத் திருத்தத்தில் வந்தது. 1948 தொழிற்சாலைச் சட்டம் அதை விரிவாக்கியது. வருஷத்தில் 240 நாள் வேலை பார்த்தவருக்கு, 20 நாளுக்கு ஒரு நாள் வீதம் லீவு. அடுத்த வருஷத்துக்குக் கொண்டுபோக 30 நாள் உச்சவரம்பு. 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் அந்த 240 நாள் 180 ஆகக் குறைந்திருக்கிறது. 2023 ஏப்ரலில் நம் சட்டசபையில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் மசோதா நிறைவேறி, எதிர்ப்பு கிளம்பி, மே தினத்தன்று வாபஸானது நினைவிருக்கிறதா? 140 வருஷமாக இந்த இழுபறி ஓய்ந்தபாடில்லை.

இப்படி அடித்துப் பிடித்து வாங்கிய நாளை நாம் என்ன செய்கிறோம்? சேர்த்து வைக்கிறோம்!

நான் பி.காம். படித்தவன். அந்தப் பாஷையில் சொல்கிறேன். நீங்கள் எடுக்காத லீவு, கம்பெனியின் பேலன்ஸ் ஷீட்டில் கடன் பக்கத்தில் நிற்கும். ஒரு செக் கொடுத்துக் கம்பெனி அதைத் தீர்த்துவிடும். நீங்கள் வீட்டுக்கு வைத்திருக்கும் பாக்கிக்கு செக் செல்லாது. கூடவே நடக்கக் கால் வேண்டும், கூட வரப் பிள்ளைக்கு ஆசை இருக்கவேண்டும். பதினாறு வயதில் அது 'நீங்க போயிட்டு வாங்க' என்று சொல்லிவிடும்.

'எங்களுக்கு ஏது சார் சம்பளத்தோட லீவு?' என்று காண்ட்ராக்டில் வேலை பார்க்கும் தம்பிகள் கேட்பது காதில் விழுகிறது. நியாயம்தான். ஒரு நாள் போகாவிட்டால் ஒரு நாள் கூலி போச்சு. ஆனால் நான் சொல்வது ஊட்டி, கொடைக்கானல் இல்லை. திருவள்ளூர் மாவட்டத்துக்குள்ளேயே என்னென்ன இருக்கிறது! பூண்டி பக்கத்தில் அத்திரம்பாக்கம். 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபுட் கற்கருவிகள் கண்டெடுத்த இடம். அங்கே கிடைத்தவற்றில் சில 15 லட்சம் வருஷம் பழசு என்று 2011-ல் அறிவித்தார்கள். பூண்டியில் மியூசியம் இருக்கிறது, கூடியம் குகை இருக்கிறது. பஸ் காசும் புளிசாதமும் போதும்.

பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613-ல் கோட்டை கட்டி வியாபாரம் செய்தார்கள். கோட்டை போய்விட்டது, கல்லறைகள் இருக்கின்றன. நுழைவாயிலில் இரண்டு எலும்புக்கூடுகளைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். ஒன்றிடம் மணல் கடிகாரம்! 400 வருஷத்துக்கு முன்னால் லாபம் எண்ண வந்தவர்களும் அதைத்தான் வாசலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அங்கே போனால் ஒரு எச்சரிக்கை. 2011 கிறிஸ்துமஸ் அன்று ஏரியில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதனால் பறவைகளைக் கரையிலிருந்தே பாருங்கள்.

ஆடிப்பெருக்கை யாரும் அடுத்த மாசம் தள்ளிப் போடுவதில்லை. காரணம், அதற்குத் தேதி இருக்கிறது. 'ஒரு நாள் போலாம்' என்பதற்குத் தேதி இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

திருவொற்றியூர்க்காரர் நேற்று போன் செய்தார். வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு வாடகைக் கார் சொல்லிவிட்டாராம். ஏரிக்கரை வரைக்கும் வண்டி போகுமாம், அந்த அம்மா இறங்கவே வேண்டாமாம். 'பூநாரை இருக்குமோ இருக்காதோ தெரியல சார். அவ பார்க்கட்டும்' என்றார்.

உங்கள் வீட்டு காலண்டரில் எந்தத் தேதி?