ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரின் பெட்ரோல் எஞ்சின்

ஸ்டாண்டர்டு ஹெரால்டு எஞ்சின் என்பது, சென்னையை அடுத்த பெருங்களத்தூரில் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்னும் நிறுவனம் 1961 முதல் தயாரித்த ஹெரால்டு என்னும் சிறு காரிலும், 1970களில் அதன் வழியே வந்த கேஸல் காரிலும் பொருத்தப்பெற்ற, 948 கன சென்டிமீட்டர் கொள்ளளவுடைய நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சினாகும். கல்கத்தாப் பக்கத்தில் அம்பாஸிடரும் பம்பாயில் பியட்டும் உருவாகிய காலத்தில் தமிழ்நாட்டு மண்ணில் உருவாகிய கார் இதுவாதலால், இதன் எஞ்சின் நம் பிரதேசத்து வெயிலையும் புழுதியையும் எவ்வாறு தாங்கிற்று என்னும் விசாரணை தனிக் கவனத்துக்கு உரியது. அவ்விசாரணைக்குச் செட்டிநாட்டைக் காட்டிலும் பொருத்தமான களம் அரிது. அப்போது இராமநாதபுரம் மாவட்டத்தில் அடங்கி, 1985 முதல் சிவகங்கை மாவட்டத்தைச் சேர்ந்ததாக விளங்கும் காரைக்குடி வட்டாரத்தில் உஷ்ணம், செம்மண் தூசு, கிணற்று நீரின் உப்பு, கார் மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கும் வழக்கம் ஆகிய நான்கும் ஓரிடத்தில் கூடுகின்றன.

இந்த எஞ்சினின் பூர்வீகம் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரம். அங்கே 1953-இல் ஸ்டாண்டர்டு எய்ட் என்னும் சிறு காருக்காக 58 மில்லிமீட்டர் துளை விட்டமும் 76 மில்லிமீட்டர் பிஸ்டன் ஓட்டமும் கொண்ட 803 கன சென்டிமீட்டர் எஞ்சின் வெளிவந்தது. மறு ஆண்டே ஓட்டத்தை மாற்றாமல் துளையை மட்டும் 63 மில்லிமீட்டராக அகலப்படுத்தி, ஸ்டாண்டர்டு டென் காருக்காக 948 கன சென்டிமீட்டர் வடிவத்தை அமைத்தார்கள். இத்தாலியரான ஜியோவானி மிக்கெலாட்டி வடிவமைத்த ஹெரால்டு 1959-இல் பிரிட்டனில் வெளிவந்தபோது இதே எஞ்சின் அதற்கு வாய்த்தது. பிரிட்டனில் இக்குடும்பம் 1147, 1296, 1493 என வளர்ந்து, ஸ்பிட்பயர் காரிலும் எம்.ஜி. மிட்ஜெட் காரிலும் ஏறி, 1980 வரை வாழ்ந்தது. இந்தியாவிலோ 948 என்னும் அளவே கடைசி வரை நிலைத்தது. இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில், ஒருமுறை நிறுவிய வார்ப்படத்தையும் கடைசல் இயந்திரங்களையும் மாற்றுவது எளிதன்று. ஹெரால்டுக்கு முன்பே டென் முதலிய கார்கள் இங்கே கூட்டப்பட்டு வந்தமையால், இவ்வெஞ்சின் நம் மெக்கானிக்குகளுக்குப் புதியதாக வந்து சேரவில்லை என்பதும் குறிக்கத்தக்கது.

அமைப்பில் இது மிகச் சாதாரணமானது. அதுவே இதன் பெரும் சிறப்பு என்பது இக்கட்டுரையாளரின் அபிப்பிராயம். பிளாக்கும் ஹெட்டும் வார்ப்பிரும்பால் ஆனவை. கேம்ஷாப்ட் பிளாக்கின் உள்ளே கிடந்து, சங்கிலியால் சுழற்றப்பட்டு, தள்ளுகோல்களின் வழியாக ஹெட்டில் உள்ள வால்வுகளைத் திறக்கிறது. கிராங்க்ஷாப்ட் மூன்று மெயின் பேரிங்குகளின்மேல் சுழல்கிறது. தீப்பற்றும் வரிசை 1-3-4-2. ஒற்றைக் கார்புரேட்டர் கொண்ட பிரிட்டிஷ் வடிவத்தின் சக்தி, நிமிடத்துக்கு 4,500 சுழற்சியில் சுமார் 35 குதிரைசக்தி. குளிர்ந்த நிலையில் வால்வு இடைவெளி கால் மில்லிமீட்டர். எஞ்சின் ஆயில் ஏறத்தாழ நான்கு லிட்டர்.

1489 கன சென்டிமீட்டர் அம்பாஸிடரையும் 1089 கன சென்டிமீட்டர் பியட்டையும் நோக்க 35 குதிரைசக்தி மெலிந்த கணக்காகத் தோன்றும். குடும்பத்தினர் ஐவரும் பெட்டி படுக்கைகளும் ஏறிய காரை எதிர்காற்றில் விரைவாகச் செலுத்த இது போதாதென்பதும் மெய்தான். ஆயினும் ஒரு லிட்டர் கொள்ளளவுக்கு சுமார் 37 குதிரைசக்தி மட்டுமே கேட்கப்படுகிறது என்பதையும், உச்ச சக்தியின்போதுகூடப் பிஸ்டனின் சராசரி வேகம் வினாடிக்கு 11.4 மீட்டருக்கு மிகுவதில்லை என்பதையும் கருதினால், உலோகத்தின்மேல் விழும் பாரம் எவ்வளவு மிதமானது என்பது விளங்கும். பின்னாளில் இதே 76 மில்லிமீட்டர் ஓட்டமுள்ள பெரிய உருவங்கள் ஸ்போர்ட்ஸ் கார்களில் இதைவிடக் கடுமையாக ஓட்டப்பட்டும் தாங்கியிருக்க, காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் இடையே நிதானமாக ஓடும் ஹெரால்டில் பேரிங்குகளும் பிஸ்டன் ரிங்குகளும் விரைந்து தேய்வதற்கு எஞ்சினின் அமைப்பில் காரணம் எதுவும் இல்லை.

காரணம் வெளியிலிருந்து வருகிறது. செட்டிநாட்டின் செம்மண் புழுதி மிக நுண்ணியது. காற்று வடிகட்டியைக் கழுவாமல் விட்டால் அது கார்புரேட்டரின் வழியே உட்புகுந்து, சிலிண்டர் சுவரில் உள்ள ஆயில் படலத்தோடு கலந்து, அரைக்கும் பசையாக மாறிவிடுகிறது. புகைக்குழாயில் நீலப்புகை தென்பட்டதும் உரிமையாளர் எஞ்சினைக் குறை கூறுவார். குற்றம் பெரும்பாலும் வடிகட்டியினுடையது. சித்திரை, வைகாசி வெயிலில் வேறொரு தொல்லை உண்டு. பெட்ரோல் பம்பு மின்சாரத்தால் இயங்குவதன்று; பிளாக்கின் பக்கத்தில் பொருந்தி, கேம்ஷாப்டால் இயக்கப்படுவது. ஓடிய காரைச் சற்று நேரம் நிறுத்தினால் பிளாக்கின் உஷ்ணம் பம்பில் ஏறி, உள்ளிருக்கும் பெட்ரோல் ஆவியாகி, மீண்டும் கிளப்பும்போது எஞ்சின் மறுக்கும். ஈரத்துணியைப் பம்பின்மேல் சுற்றிச் சிறிது காத்திருப்பதே இதற்குப் பரிகாரம். பழுது என்று எண்ணிப் பம்பைக் கழற்றுவது வீண் வேலை.

இவ்வட்டாரத்துக்கே விசேஷமான பிரச்சினை ஓட்டத்தால் வருவதன்று, ஓடாமையால் வருவது. செட்டிநாட்டு வணிகர்களான நகரத்தார் குடும்பங்கள் பல சென்னையிலும் கோவையிலும் கடல் கடந்த ஊர்களிலும் தொழில் நிமித்தம் வாழ்வதால், கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் போன்ற ஊர்களின் பெரிய வீடுகள் கல்யாணத்துக்கும் கோயில் காரியத்துக்கும் திறக்கப்பட்டு, ஏனைய நாட்களில் பூட்டிக் கிடப்பது நெடுநாளைய வழக்கம். அத்தகைய வீட்டில் நிறுத்தி வைக்கப்படும் காரும் வீட்டோடு உறங்குகிறது. அப்போது பாட்டரி தானே மின்னிறங்கி, தகடுகளில் சல்பேட் படிந்து கெடுகிறது. கார்புரேட்டர் கிண்ணத்துப் பெட்ரோல் வற்றி, பிசின் போன்ற கசடு ஜெட் துளைகளை அடைக்கிறது. திறந்தபடி நின்ற வால்வின் வழியே ஈரம் இறங்கிச் சிலிண்டரில் துரு பிடிக்கிறது. ஹெரால்டின் பம்பில் கையால் அசைக்கும் சிறு நெம்புகோல் உண்டு; ஸ்டார்ட்டரை வருத்தாமல் அதனால் முதலில் கிண்ணத்தை நிரப்புவதும், பிளக்குகளைக் கழற்றிச் சிறிது ஆயில் விட்டு எஞ்சினை மெல்லச் சுற்றுவதும், நெடுங்காலம் நின்ற காரைக் கிளப்பும் முறையாகும். இச்சிறு முறையைப் பேணாமல், கல்யாணத்துக்கு முதல்நாள் அவசரமாகச் சாவியைத் திருப்பியதாலேயே நல்ல எஞ்சின்கள் ரிங் ஒடிந்து பாழாகின்றன என்பது வருத்தத்துக்குரியது.

நீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். உப்புக் கலந்த கிணற்று நீரை ரேடியேட்டரில் ஊற்றினால், சிலிண்டர்களைச் சுற்றியுள்ள நீர்ப்பாதையில் துருவும் உப்புப் படிவும் சேர்ந்து, நாலாவது சிலிண்டர் அருகே வெப்பம் தேங்கி, ஹெட் கேஸ்கட் எரிந்துபோகும். வீட்டு முற்றமான வளவின் தாழ்வாரத்தில் வழியும் மழைநீரை அண்டாவில் பிடித்து வைக்கும் செட்டிநாட்டு வழக்கம் இங்கே பெரிதும் உதவுவது. சுத்தமான மழைநீர் ரேடியேட்டருக்கு மிக உகந்தது, பாட்டரிக்கு மட்டும் காய்ச்சி வடித்த நீர் வேண்டும். இத்தகைய உலோக அரிப்பையும் பாட்டரி போன்ற மின்கலங்களையும் ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், அழகப்பச் செட்டியாரின் கொடையால், நேரு 1948-இல் அடிக்கல் நாட்ட, 1953-இல் இதே காரைக்குடியில் தொடங்கப்பெற்றது என்பது இவ்விடத்தில் நினைக்கத்தக்கது.

எஞ்சினுக்கே உரிய பிறவிக் குறை என்று சொல்லத்தக்கது ஒன்று. கிராங்க்ஷாப்ட் முன்பின்னாக நகராதபடி பின் பேரிங்கில் இரு அரைவட்ட வாஷர்கள் அதைத் தடுத்து நிற்கின்றன. கிளட்சை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் அவற்றின்மேல் அழுத்தம் விழுவதால், கிளட்சிலேயே காலை ஊன்றி ஓட்டும் டிரைவரின் கையில் அவை தேய்ந்து, கடைசியில் கழன்று ஆயில் தொட்டியில் விழுந்துவிடும். அதன்பின் கிராங்க்ஷாப்ட் பிளாக்கையே அரித்துவிடும். கிளட்சை ஒருவர் மிதிக்க, மற்றொருவர் முன்புறக் கப்பியைக் கவனித்து, அது வெளிப்படையாக முன்னே நகர்கிறதா என்று பார்ப்பது செலவில்லாத பரிசோதனை. அக்காலத்து இந்தியப் பெட்ரோலின் ஆக்டேன் தரம் குறைவாதலால் ஏற்றத்தில் எஞ்சின் தட்டுவதும் உண்டு. பற்றவைப்பு நேரத்தைச் சற்றுத் தாமதப்படுத்தி அதைச் சமாளித்தார்கள்.

ஹெரால்டு நம்பத்தகாதது என்று பரவிய பேச்சுக்கு இவை காரணமல்ல. பின்சக்கரங்கள் தனித்தனியே மேலும் கீழும் ஆடும் அதன் அச்சமைப்பும் தாழ்ந்த உடலும் குண்டுங்குழியுமான சாலைக்கு ஒவ்வாதவை. அந்தப் பழி எஞ்சின்மேலும் ஏறிற்று. பழுதுபார்க்கும் வசதியிலோ இதற்கு நிகரான கார் அன்று இங்கில்லை. முன்புறம் முழுவதும், மட்கார்டுகளோடு சேர்ந்து ஒரே பானெட்டாக முன்னோக்கிச் சாய்ந்து திறப்பதால், மெக்கானிக் டயரின்மேல் அமர்ந்தபடியே கார்புரேட்டர், டிஸ்ட்ரிப்யூட்டர், டைனமோ, பம்பு அனைத்தையும் தொட இயலும். சிலிண்டர்கள் தேய்ந்தால் போரிங் போட்டு மிகையளவுப் பிஸ்டன் பொருத்துவதும், ஹெட்டைக் கழற்றிக் கரியைச் சுரண்டி வால்வு அரைப்பதும், காரைக்குடி போன்ற ஊரின் பட்டறைக்கும் எட்டும் வேலைகளே.

இன்று எஞ்சியுள்ள ஹெரால்டுகளைப் பேணுவோர் எரிபொருளின் மாற்றத்தைக் கருத வேண்டும். வால்வு அமரும் வளையங்கள் ஹெட்டின் வார்ப்பிரும்பிலேயே வெட்டப்பட்டவை. பெட்ரோலில் கலந்திருந்த ஈயம் அவற்றுக்குக் காப்பாக இருந்தது. 2000-ஆம் ஆண்டில் ஈயம் நாடெங்கும் நீக்கப்பட்டபின், கடுமையாக ஓட்டப்படும் எஞ்சினில் வெளியேற்ற வால்வுகள் ஹெட்டுக்குள் புதைந்து இடைவெளி குறைவதைக் காணலாம்; ஹெட்டைக் கழற்றும் தருணத்தில் கடினப்படுத்திய உருக்கு வளையங்களைப் பதிப்பது நிரந்தரத் தீர்வு. இப்போது விற்கும், 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்த பெட்ரோல், பழைய ரப்பர்க் குழாய்களையும் பம்பின் ஜவ்வையும் இளக்கிவிடும் தன்மையது, ஈரத்தையும் ஈர்ப்பது. ஆகவே குழாய்களையும் ஜவ்வையும் எத்தனாலைத் தாங்கும் பொருளுக்கு மாற்றி, நெடுநாள் நிறுத்துவதற்குமுன் டாங்கியையும் கார்புரேட்டர் கிண்ணத்தையும் வடித்துவிட வேண்டும்.