வியன்னாவில் ஒலிக்கும் துருக்கி மேளம்

ஆஸ்திரியாவின் தலைநகர் வியன்னா தன்னைப் பார்க்க வரும் உல்லாசப் பயணிகளுக்கு இரண்டு விஷயங்களை முன்னால் வைக்கிறது. ஒன்று இசை, மற்றது கோப்பி. மொஸார்ட் குடியிருந்த வீடு, பீத்தோவன் குடியிருந்த வீடு, ஷூபர்ட் பிறந்த வீடு, பூங்காவில் பொன்முலாம் பூசிய ஸ்ட்ராவுஸ் சிலை, ஒபெரா மாளிகை என்று நாள் முழுக்கச் சுற்றிக் காட்டுவார்கள். கால் கடுத்தால் உட்கார மூலைக்கு மூலை கோப்பிக்கடை. இந்த இரண்டுக்குள்ளும் உஸ்மானியத் துருக்கியரின் தடம் இருக்கிறது. கோப்பியில் இருப்பதை எல்லோரும் சொல்வார்கள். இசையில் இருப்பதைச் சொல்பவர்கள் குறைவு. அதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாகப் பார்க்க நினைக்கிறேன்.

முதலில் நகரத்தின் அமைப்பைப் புரிந்துகொள்ள வேண்டும். வியன்னாவுக்குப் போகிறவர்கள் முதல் நாளே ட்ராமில் ஏறி ரிங் எனப்படும் வட்ட வீதியைச் சுற்றுவார்கள். 1865இல் திறக்கப்பட்ட அந்த அகன்ற வீதியும் அதன் இரு பக்கமும் நிற்கும் மாளிகைகளும் பழைய கோட்டை மதிலும் அதற்கு வெளியே வெறுமையாக விடப்பட்டிருந்த திடலும் இருந்த இடத்தில் எழுந்தவை. அந்த மதிலைப் பலப்படுத்தியதும், வீடு கட்ட விடாமல் திடலை வெறுமையாக வைத்திருந்ததும் பெரும்பாலும் துருக்கியருக்குப் பயந்துதான். 1857இல்தான் பேரரசர் பிரான்ஸ் ஜோசப் மதிலை இடிக்க உத்தரவிட்டார். இடித்த இடத்தில் 1869இல் ஒபெரா மாளிகையும் 1870இல் முஸிக்ஃபெராயின் என்ற இசை மண்டபமும் திறக்கப்பட்டன. ஒரு படை தாண்ட முடியாமல் நின்ற நிலத்தில் இன்று டிக்கட்டுக்கு வரிசை நிற்கிறது.

அந்தப் படை இரண்டு தடவை வந்தது. முதல் தடவை 1529இல், சுல்தான் சுலைமான் நேரில் வந்தார். மழையும் குளிரும் முந்திக்கொள்ள, ஒக்டோபரிலேயே திரும்பிப் போனார். இரண்டாவது தடவை 1683 ஜூலையில். தலைமை தாங்கியவர் பிரதம வஸீர் கரா முஸ்தபா பாஷா. இரண்டு மாத முற்றுகையில் சுரங்கம் தோண்டி, வெடிமருந்து வைத்து மதிலின் ஒரு பக்கத்தையே குலைத்துவிட்டார்கள். இன்றைய புர்க் தியேட்டருக்கு அண்மையில்தான் அந்தக் கடும் சண்டை நடந்தது. செப்டெம்பர் 12ஆம் திகதி போலந்து மன்னர் யான் சோபியெஸ்கியின் தலைமையில் வந்த கூட்டுப்படை காலென்பெர்க் மலைப் பக்கமிருந்து இறங்கித் தாக்க, முற்றுகை முறிந்தது. கூடாரங்களையும் பீரங்கிகளையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் படை பின்வாங்கியது. அந்த டிசம்பரில் பெல்கிரேட்டில் வைத்து சுல்தானின் கட்டளைப்படி கரா முஸ்தபா கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டார்.

இந்த வெற்றியை வியன்னா மறக்கவே இல்லை. நகரத்தின் நடுவே நிற்கும் ஸ்டெபான் பேராலயத்தின் கோபுர உச்சியில் அதுவரை பிறையும் நட்சத்திரமும் சேர்ந்த ஓர் அணி இருந்தது. அதற்கும் இஸ்லாத்துக்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் துருக்கியரின் சின்னத்தைப்போல் தெரிந்ததால் 1686இல் அதை இறக்கிச் சிலுவை வைத்தார்கள். விட்டுப்போன பீரங்கிகளை உருக்கி 1711இல் பும்மரின் என்ற பெரிய மணியை வார்த்தார்கள். 1945 ஏப்ரலில் பேராலயக் கூரை எரிந்தபோது அந்த மணி விழுந்து உடைந்தது. உடைந்த உலோகத்தையும் சேர்த்து 1951இல் புதிதாக வார்த்த மணி, ஏறக்குறைய 20 தொன் எடை. ஆஸ்திரியர்களின் புத்தாண்டு நள்ளிரவு இந்த மணியோசையோடுதான் பிறக்கிறது. பழைய நகரத்துக்குள் ஒரு வீட்டு மூலையில், குதிரையில் ஏறி வாளை ஓங்கிய துருக்கியனின் சிறிய சிலை ஒன்றும் உண்டு. ரொட்டி சுடுகிறவர்கள் நிலத்தடியில் சுரங்கம் தோண்டும் சத்தத்தைக் கேட்டு நகரத்தைக் காப்பாற்றினார்கள் என்ற கர்ணபரம்பரைக் கதையோடு அதைக் காட்டுவார்கள்.

இதையெல்லாம் பார்த்துவிட்டு வரும் நம்மட ஆக்களுக்கு மனசு கொஞ்சம் கசக்கும். அது இயல்பு. ஆனால் வெளியேயிருந்து வந்து முற்றுகையிட்ட படையைப் பற்றி உள்ளே பசியோடு கிடந்த சனம் வேறு எப்படிப் பேசும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

இனி இசைக்கு வருவோம். உஸ்மானியப் படையோடு மெஹ்தர் என்ற வாத்தியக் குழு போகும். தாவுல் என்ற பெருமேளம், சுர்னா என்ற குழல், எக்காளம், சோடியாக அடிக்கும் நக்காரா, ஸில் என்ற பெரிய வெண்கலத் தாளங்கள் எல்லாம் அதில் சேரும். நக்காரா நமக்குப் புதிதல்ல. தர்காக்களில் ஒலித்த நகராவும் அதே குடும்பம்தான், பெயரும் அதே அறபுப் பெயர்தான். பாஷாவின் பதவிக்கேற்ப எத்தனை மேளம், எத்தனை குழல் என்று கணக்கு இருந்தது. போர்க்களத்தில் அந்த மேளம் ஓயாமல் ஒலிக்கும்வரை படை நிலைகுலையாது என்பது ஜனிஸரிகளின் நம்பிக்கை. ஜனிஸரிகள் என்றால் சுல்தானின் நிரந்தரக் காலாட்படையினர்.

துருக்கியர் ஓடும்போது போட்டுவிட்டுப் போன மேளங்களை எடுத்து வியன்னாக்காரர் அடிக்கத் தொடங்கினார்கள் என்று ஒரு கதை சொல்லப்படுகிறது. கேட்க நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு வாத்தியம் தரையில் கிடந்து எடுத்த மாத்திரத்தில் ஒரு நகரத்தின் இசைக்குள் நுழைந்துவிடாது. அடிக்கத் தெரிந்தவன் வேண்டும், திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும். அந்த வாய்ப்பைப் பெரிதும் தந்தவை சமாதான காலத்துத் தூதுக்குழுக்கள். 1664இல் ஒப்பந்தம் ஒன்று கைச்சாத்தாகி, அடுத்த வருடம் கரா மெஹ்மெத் பாஷா தன் பரிவாரத்தோடும் மெஹ்தரோடும் வியன்னாவுக்குள் வந்தார். 1718 ஒப்பந்தத்துக்குப் பின்னர் 1719இல் இப்ராஹீம் பாஷா வந்தார். சனம் வீதியோரம் கூடி நின்று வேடிக்கை பார்த்தது. 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் போலந்து மன்னர் இரண்டாம் ஓகஸ்டஸ் முழு மெஹ்தர் குழுவையே தன்னிடம் வைத்திருந்தார். அதைப் பார்த்து மற்ற அரசர்களும் தங்கள் படைகளுக்குப் பெருமேளமும் தாளமும் சேர்த்தார்கள்.

1665ஆம் ஆண்டுத் தூதுக்குழுவோடு வந்தவர்களில் பெரும் பயணி எவ்லியா செலெபியும் ஒருவர். மனிதர் கொஞ்சம் அளந்துவிடுகிறவர், சொல்வதையெல்லாம் அப்படியே நம்பக் கூடாது. ஆனால் காது கூர்மையானது. பேராலயத்து ஓர்கன் இசையைக் கேட்டு வியந்து எழுதியிருக்கிறார். அங்கேயுள்ள நூலகத்தில் புத்தகங்களைத் தூசு தட்டிப் பேணுவதைப் பார்த்துவிட்டு, அலெக்ஸாந்திரியாவில் ஒரு பள்ளிவாசலில் கிதாபுகள் கவனிப்பாரற்றுக் கெட்டுப்போவதை நினைத்து வருந்துகிறார். நம் ஊர் வீட்டுப் பரண்களில் செல்லரிக்கும் அறபுத்தமிழ்க் கிதாபுகளைக் கண்டவர்களுக்கு அந்த இடத்தைச் சும்மா கடந்துபோக ஏலாது.

அடுத்த நூற்றாண்டில் மேளம் மேடையேறியது. 1764இல் க்ளுக் என்பவர் மக்கா யாத்திரிகர்கள் என்ற துணைத் தலைப்போடு ஒரு பாட்டு நாடகத்தை வியன்னாவில் அரங்கேற்றினார். கதை நடப்பது கெய்ரோவில். 1782 ஜூலை 16ஆம் திகதி மொஸார்ட்டின் ‘அந்தப்புரத்திலிருந்து கடத்தல்’ அரங்கேறியது. தொடங்கும்போதே பெருமேளமும் தாளமும் முக்கோணமும் அதிரும். அதில் ஒஸ்மின் என்ற காவற்காரனைக் கோபக்காரக் கோமாளியாக்கி இருக்கிறார்கள். அது பழைய பழக்கம். ஆனால் ஸலீம் பாஷாவின் பாத்திரத்தைப் பாருங்கள். தன் கையில் சிக்கியவன் தன்னை நாசமாக்கிய எதிரியின் மகன் என்று தெரிந்தபிறகும் அவனையும் அவன் காதலியையும் பாஷா விடுதலை செய்கிறார். பழிவாங்கலைவிட மன்னிப்பு மேலானது என்று ஐரோப்பியச் சபைக்கு ஒரு முஸ்லிம் பாஷாவின் வாயால் சொல்லவைத்தார்கள். ஒரு விசித்திரம், அவ்வளவு பெரிய பாத்திரத்துக்கு ஒரு பாட்டுக்கூடக் கிடையாது. பாஷா பேசுவார், பாட மாட்டார். 1683இன் நூறாவது ஆண்டு நினைவு வந்ததும் இந்தக் காலத்தில்தான். ‘துருக்கிய பாணி’ என்று மொஸார்ட் பெயரிட்ட பியானோத் துண்டு 1784இல் அச்சாயிற்று. இன்று கைத்தொலைபேசி மணியாகவும் கேட்கிறது. பெருமேளமும் மணியும் ஒலிக்க வைக்கும் தனி மிதிகட்டை வைத்த பியானோக்களைக்கூடப் பின்னர் வியன்னாவில் செய்தார்கள். அதற்கு ஜனிஸரி மிதி என்றே பெயர்.

பழைய மதிலில் எஞ்சியிருக்கும் துண்டுகளில் ஒன்று மோல்க்கர் பாஸ்டை. அதன் மேலே நிற்கும் வீட்டில்தான் பீத்தோவன் பல வருடம் விட்டு விட்டுக் குடியிருந்தார். இப்போது சிறிய நூதனசாலை. துருக்கியருக்கு எதிரான மதிலின் மேல் இருந்தவர் 1811இல் ‘ஏதென்ஸின் இடிபாடுகள்’ என்ற நாடகத்துக்கு இசையமைத்தார். அதில் தர்வேஷ்கள் கூடிப் பாடும் ஒரு பாட்டு வருகிறது. சந்திரன் பிளந்தது, கஃபா, புராக் எல்லாம் அதில் வரும். மரியாதையாகச் சொன்னதல்ல, அந்நியரின் ஆவேசம் என்று காட்டுவதற்கே சேர்த்தார்கள். நாடகமே துருக்கியர் ஆட்சியில் கிரேக்கம் பாழானது என்று சொல்வது. இதை மூடி மறைத்துவிட்டு பீத்தோவன் நம்மைப் புகழ்ந்தார் என்று சிலர் எழுதுவது சரியில்லை.

ஆனால் அதே பீத்தோவன் 1824 மே 7ஆம் திகதி ஒன்பதாம் சிம்பொனியை அரங்கேற்றினார். மனிதரெல்லாம் சகோதரர் என்று பாடும் கடைசிப் பகுதி அதில்தான் இருக்கிறது. அந்தப் பகுதியின் நடுவே எல்லாம் அடங்கிப்போய், தூரத்திலிருந்து ஒரு படை நடந்து வருவதுபோல் பெருமேளமும் தாளமும் முக்கோணமும் மெல்ல எழும்பும். அதன் மேல் ஒருவர் தனிக்குரலில் பாடுவார். அது அக்காலத்தார் துருக்கி இசை என்று அறிந்திருந்த அதே ஓசை. இந்தப் பகுதியின் மெட்டைத்தான் 1985இல் ஐரோப்பியச் சமூகம் தன் கீதமாக ஏற்றது. அது அரங்கேறிய கொட்டகை இப்போது இல்லை. ஒபெரா மாளிகைக்குப் பின்னால் அந்த இடத்தில் ஸாகர் ஹோட்டல் நிற்கிறது. சனம் அங்கே வரிசையில் நிற்பது சொக்லட் கேக்குக்கு.

நம் பாடசாலைகளில் இல்ல விளையாட்டுப் போட்டிக்கு பேண்ட் வாத்தியம் முன்னால் போகும். நெஞ்சில் பெரிய ட்ரம்மைக் கட்டிக்கொண்டு ஒரு பிள்ளை, சிம்பலைத் தட்டிக்கொண்டு இன்னொரு பிள்ளை. அதுவும் இந்த வழியில் வந்ததுதான். ஐரோப்பியப் படைகள் துருக்கியரிடமிருந்து எடுத்ததை ஆங்கிலேயரும் எடுத்தார்கள், ஆண்ட நாடுகளுக்கெல்லாம் கொண்டுபோனார்கள்.

ஒன்பதாம் சிம்பொனி ஒலித்து இரண்டே வருடத்தில், 1826இல், சுல்தான் இரண்டாம் மஹ்மூத் ஜனிஸரிப் படையைப் பீரங்கி வைத்து ஒழித்தார். படையோடு மெஹ்தரும் கலைக்கப்பட்டது. அதற்குப் பதிலாக ஐரோப்பிய பாணியில் பேண்ட் அமைக்க 1828இல் இத்தாலியிலிருந்து ஜூஸெப்பே டொனிஸெட்டி வரவழைக்கப்பட்டார். வியன்னாவின் மேடைகளில் துருக்கி மேளம் முழங்கிக்கொண்டிருந்த நாட்களில் இஸ்தான்புலில் அது மௌனம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் படை நூதனசாலையோடு சேர்த்து அதற்குத் திரும்ப உயிர் கொடுத்தார்கள். இன்று இஸ்தான்புலுக்குப் போகிறவர்கள் கேட்பது அந்த மறுபிறப்பை. நம் மேளத்தை அவர்கள் களவெடுத்துவிட்டார்கள் என்று பெருமையும் புலம்பலும் கலந்து பேசுகிறவர்கள் இந்த 1826ஐ மறந்துவிடுகிறார்கள். மெஹ்தரை மௌனமாக்கியது வியன்னா அல்ல.

கோப்பிக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். துருக்கியர் விட்டுப்போன கோப்பிக்கொட்டை மூட்டைகளை எடுத்துக் கோல்ஷிட்ஸ்கி என்ற ஒற்றர் முதல் கடை போட்டார் என்பார்கள், அவருக்குச் சிலையும் உண்டு. ஆவணப்படி 1685 ஜனவரியில் கோப்பி விற்க உரிமை பெற்றவர் யோஹானஸ் டியோடாட்டோ என்ற ஆர்மீனியர். பிறை வடிவப் பணிஸும் அந்த வெற்றியின் ஞாபகம் என்பது சும்மா கதை. அந்தப் பணிஸ் 1683க்கு எவ்வளவோ முன்னமே இருந்தது.

அறிவுத் தொடர்பு வேறு. 1754இல் பேரரசி மரியா தெரேஸா கீழைத்தேய மொழிகளுக்கென ஒரு கல்விக்கூடம் தொடங்கினார். அங்கே படித்து வந்த ஹாம்மர் புர்க்ஷ்டால் 1812-13இல் ஹாபிஸின் திவானை முழுமையாக ஜேர்மன் மொழியில் தந்தார். அதை வாசித்துத்தான் கேதே தன் ‘மேற்கு கிழக்கு திவான்’ எழுதினார். அந்தத் திவானின் ஸுலைக்கா பாட்டுகளுக்கு வியன்னாவில் ஷூபர்ட் இசையமைத்தார். பாரசீகத்துக் கஸல் வேறு உடுப்பில் வியன்னாப் பாட்டாக வந்தது இப்படித்தான். நகருக்கு வெளியே வைட்லிங் மையவாடியில் ஹாம்மரின் கப்று உஸ்மானிய பாணியில், அறபு எழுத்துகளோடு நிற்கிறது.

பொஸ்னியாவை 1908இல் தன்னோடு சேர்த்துக்கொண்ட ஆஸ்திரியா, 1912இல் ஹனபி மத்ஹபைப் பின்பற்றும் முஸ்லிம்களைச் சட்டப்படி அங்கீகரித்தது. மேற்கு ஐரோப்பா அதை யோசிக்கக்கூடத் தொடங்காத காலம். 2015இல் அதற்குப் பதிலாக வந்த சட்டத்தைப் பற்றி முஸ்லிம்களுக்கு மனக்குறைகள் உண்டு. டான்யூப் நதியோரம் 1979இல் திறக்கப்பட்ட பள்ளிவாசலின் மினாரா 32 மீற்றர் உயரம். ரயிலில் போகிறவர்கள் கண்ணிலேயே படும். வியன்னாவுக்குப் போகிறவர்கள் ஒரு ஜும்ஆவை அங்கே வைத்துக்கொள்ளலாம்.

நேரம் கிடைத்தால் ஒபெராவில் நின்று பார்க்கும் மலிவு டிக்கட் ஒன்றும் எடுக்கலாம். முஸிக்ஃபெராயினில் நடக்கும் புத்தாண்டுக் கச்சேரிக்கு மட்டும் டிக்கட் கிடைப்பது குதிரைக் கொம்பு. அதைத் தொலைக்காட்சியில் பார்க்க வேண்டியதுதான். முந்திய நள்ளிரவு பீரங்கி உலோகத்து மணி அடித்து ஓய்ந்திருக்கும். காலையில் கச்சேரி முடியும்போது வழக்கமாக ராடெட்ஸ்கி மார்ச் வாசிப்பார்கள். பெருமேளமும் தாளமும் விழ, கோட்டும் பட்டும் உடுத்த அந்தச் சபை முழுவதும் அதற்கேற்பக் கைதட்டும்.