தடக் கேமரா

காட்டில் ஒரு மரத்தில் கட்டிவைத்துவிட்டு வந்தால், எதிரே விலங்கு நடமாடும்போது தானே படம் பிடிக்கும் சிறு பெட்டி தடக் கேமரா. நம் செய்தித்தாள்கள் இதைத் தானியங்கி கேமரா என்று எழுதுகின்றன. இங்கே அது புலிக் கணக்கெடுப்புக்கான கருவி. அமெரிக்காவில் பெரும்பாலும் வெண்வால் மானை வேட்டையாடுகிறவர்கள்தாம் இதை வாங்குகிறார்கள். எந்தக் கலைமான் எந்தத் தடத்தில் எந்நேரம் வருகிறது, அதன் கொம்பு எத்தனை கிளை விட்டிருக்கிறது என்பதெல்லாம் அவர்களுக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். விஸ்கான்சினில் வழக்கமான துப்பாக்கிப் பருவம் நவம்பர் பிற்பகுதியில் ஒன்பதே நாள். அதற்கு முந்தைய மாதங்கள் முழுவதும் வேவு பார்க்கும் காலம்.

இந்தக் கருவியின் முன்னோடி, துப்பாக்கியைக் கீழே வைத்த ஒரு வேட்டைக்காரர். பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஜார்ஜ் ஷைரஸ் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தவர். மிச்சிகன் காடுகளில் இரவில் படகின் முனையில் விளக்கேற்றி, ஒளியைப் பார்த்துத் திகைத்து நிற்கும் மானைப் படமெடுத்தார். பிறகு குறுக்கே கயிறு கட்டி, விலங்கு இழுத்தவுடன் விளக்கு வெடித்துப் படம் விழும்படி அமைத்தார். 1906 ஜூலை நேஷனல் ஜியோகிராஃபிக் இதழ் அவருடைய 74 படங்களை வெளியிட்டது. வேட்டைக்கு மாற்றாகப் பிறந்த உத்தி நூறு ஆண்டுக்குள் வேட்டைக்கே துணையாகிவிட்டது.

இன்று கயிற்றின் வேலையைச் செய்வது அகச்சிவப்பு உணரி. அது உருவத்தைப் பார்ப்பதில்லை. பின்புலத்திலிருந்து சூட்டில் வேறுபடும் ஒன்று நகர்வதைத்தான் உணர்கிறது. ஆகவே வெயில் ஏறிய கோடை மதியத்தில், காற்றின் சூடு மானின் உடற்சூட்டை நெருங்கும்போது, உணரி மந்தமாகும். அதே நாளில் வெயில்பட்ட இலைக்கொத்து காற்றில் ஆடினால் நூற்றுக்கணக்கில் வெற்றுப் படம் சேரும். கேமராவை வடக்கு நோக்கிக் கட்டுவதும், எதிரே உள்ள செடியைக் கழிப்பதும் இதனால்தான். இந்த இரண்டுக்கும் காசு செலவில்லை. விலை கூடிய கேமரா தருவதைவிட அதிகப் பலன் இவற்றில் கிடைப்பதும் உண்டு.

வாங்குகிறவரை முதலில் ஏமாற்றுவது மெகாபிக்சல். அட்டைப்பெட்டியில் 30, 40 என்று அச்சிட்டிருக்கும். உள்ளே படத்தைப் பதியும் உணர்சில்லின் உண்மை அளவு பெரும்பாலும் அதில் ஒரு சிறு பங்குதான். மீதிப் புள்ளிகளை மென்பொருள் ஊகித்து நிரப்புகிறது. கோப்பு பெரிதாகி மெமரி கார்டை அடைக்குமே தவிர, கொம்பு தெளிவதில்லை. பார்க்க வேண்டிய எண்கள் வேறு. ஒன்று, உணர்ந்த கணத்திலிருந்து படம் விழும்வரை ஆகும் நேரம். தடத்தின் குறுக்கே நடக்கும் மானுக்கு அரை வினாடிக்குள் இருப்பது நல்லது. ஒரு வினாடியைத் தாண்டினால் வால் மட்டும் படத்தில் இருக்கும். தீவனம் கொட்டிய இடத்தில் மான் நின்று மேயும், ஆகவே அங்கே மெதுவான கேமராவும் போதும். தடத்துக்கு நேர் குறுக்காக இல்லாமல் சாய்வாகக் கட்டினாலும், மான் சட்டத்துக்குள் கூடுதல் நேரம் இருப்பதால் இந்தக் குறை பாதி தீரும்.

இரண்டாவது எண் அதிகம் பேசப்படாதது: ஒரு படம் எடுத்தபின் அடுத்ததற்குக் கேமரா தயாராகும் நேரம். நவம்பரில் இணைசேரும் பருவத்தில் பிணைமான் முன்னே ஓடும், சில வினாடி கழித்து அதன் வாசனையைப் பிடித்தபடி கலை வரும். பத்து வினாடி மூச்சு வாங்கும் கேமராவில் பிணைகள் மட்டுமே பதிவாகும். இந்தக் காட்டில் நல்ல கலையே இல்லை என்று அதன் சொந்தக்காரர் முடிவு கட்டிவிடுவார்.

இரவு விளக்கு இருவகை. 850 நானோமீட்டர் அகச்சிவப்பு விளக்குகள் எரியும்போது மங்கிய செந்நிறப் புள்ளிகளாகக் கண்ணுக்குத் தெரியும். ஒளி தொலைவு போகும், படம் தெளிவாக இருக்கும். 940 நானோமீட்டர் விளக்கு கண்ணுக்குத் தெரியாது, ஆனால் உணர்சில்லுக்கும் அந்த ஒளி குறைவாகவே எட்டுவதால் படம் இருண்டும் கலங்கியும் வரும். சிவப்பு ஒளியைக் கண்டு மான் மிரளுமா என்று வேட்டைக்காரர்கள் ஓயாமல் வாதிடுகிறார்கள். மிரளும் மானைவிடத் திருடும் மனிதனே பெரிய கவலை. பொதுநிலத்தில் கட்டுவதானால் கண்ணுக்குத் தெரியாத விளக்குக்குக் கூடுதல் விலை தரலாம். சொந்தத் தோட்டத்தில் அந்தப் பணம் வீண்.

விலையைப் பொறுத்தவரை சந்தை மூன்று அடுக்காக இருக்கிறது. 50 டாலருக்குக் கீழே உள்ளவை பெரும்பாலும் ஒரே மாதிரி உறுப்புகளோடு வேறுவேறு பெயரில் விற்கப்படுபவை; பனிக்காலம் தாண்டினால் ஆச்சரியம். மேலடுக்கில் ரெக்கனிக்ஸ் போன்றவை பல நூறு டாலர். ஆய்வாளர்கள் விரும்பி வாங்குவது, பல ஆண்டு உழைப்பது. இடையில் 80 முதல் 150 டாலர் வரை பிரௌனிங், புஷ்னெல், மோல்ட்ரி போன்ற பெயர்கள் உள்ளன. ஒரு தோட்டத்தையோ நூறு ஏக்கர் காட்டையோ பார்க்கிற சாதாரண வேட்டைக்காரருக்கு இந்த நடு அடுக்கே தகும். 400 டாலருக்கு ஒன்று வாங்கி ஒரு தடத்தைக் காப்பதைவிட, மூன்று நடுத்தரக் கேமராக்களை மூன்று தடங்களில் கட்டினால் மானைப் பற்றி அதிகம் தெரியவரும்.

கடையில் தரும் விலையோடு செலவு முடிவதில்லை. எட்டு ஏஏ பேட்டரி விழுங்கும் கேமராவை ஆண்டுக்கு மூன்று முறை நிரப்பினால், மலிவான பெட்டியின் விலை பேட்டரியிலேயே போய்விடும். சாதாரண அல்கலைன் பேட்டரி உறைகுளிரில் சோர்ந்துவிடும். நாள் செல்லச்செல்ல அதன் மின்னழுத்தம் இறங்குவதால் இரவு விளக்கும் மங்கும். லித்தியம் பேட்டரி விலை கூடினாலும் மிச்சிகன், மினசோட்டா குளிருக்கு அதுதான் தாங்கும். வேண்டாத ஒவ்வொரு வெற்றுப் படமும், காணொளியாகப் பதியும் ஒவ்வொரு நிமிடமும் இந்தக் கணக்கில் ஏறுகிறது.

படத்தைக் கைப்பேசிக்கு அனுப்பும் செல்லுலார் கேமராவுக்குச் சிம் இணைப்பும் மாதச் சந்தாவும் வேண்டும். காட்டுக்குள் அடிக்கடி போய் மனித வாடையை விட்டுவராமல் இருக்கலாம் என்பது உண்மையான நன்மை. மோப்பத்தை நம்பி வாழும் விலங்கு மான். மணிக்கணக்கில் வண்டி ஓட்டிப் போக வேண்டிய இடமென்றால் பெட்ரோல் செலவே சந்தாவை ஈடுகட்டும். வீட்டுக் கொல்லைக்குப் பின்னால் இருக்கும் காட்டுக்கு இது ஆடம்பரம். வாங்குமுன் அந்த இடத்தில் எந்த நிறுவனத்தின் அலை கிடைக்கிறது என்று பார்க்க வேண்டும். 2022-இல் அமெரிக்க நிறுவனங்கள் 3ஜி அலையை நிறுத்தியபோது, அதை நம்பிய கேமராக்கள் படம் அனுப்பும் திறனை ஒரேயடியாக இழந்தன. பழைய சரக்கை மலிவு விலையில் பார்ப்பவர்கள் இதை நினைவில் வைக்கலாம்.

சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. அரிசோனா வேட்டைக்குத் தடக் கேமரா பயன்படுத்துவதை 2022 ஜனவரி முதல் முற்றிலும் தடைசெய்தது. நீர் அரிதான வறண்ட நிலத்தில் ஒவ்வொரு குட்டையைச் சுற்றியும் கேமராக்கள் குவிந்தது இதற்கு ஒரு காரணம். யூட்டா ஜூலை 31 முதல் டிசம்பர் 31 வரை பெருவிலங்கு வேட்டைக்கு இவற்றைத் தடுக்கிறது. கொம்பு அளவுகளைப் பதிவுசெய்யும் பூன் அண்ட் கிராக்கெட் சங்கம், உடனுக்குடன் படம் அனுப்பும் கேமராவின் உதவியோடு வீழ்த்திய விலங்கை ஏற்பதில்லை.

இந்தியாவில் மான் வேட்டை குற்றம் என்பதால் வேட்டைக்கென்று இந்தக் கருவியை வாங்க இடமில்லை. ஆனால் இதே பெட்டியின் மிகப்பெரிய பயன்பாடுகளில் ஒன்று இங்கேதான் நடந்தது. 2018 புலிக் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் கட்டப்பட்ட கேமராக்கள் ஏறத்தாழ 3.49 கோடி வனவிலங்குப் படங்களை எடுத்தன. கின்னஸ் அதை உலகச் சாதனையாகப் பதிந்தது. அவற்றில் புலி இருந்தவை 76,651 மட்டுமே.