பிஎன்ஜியின் முதல் எட்டு பைட்: பிறந்த கதை

ஒரு படக் கோப்பின் பெயரை யார் வேண்டுமானாலும் மாற்றலாம். ‘.பிஎன்ஜி’ என்பதை அழித்து ‘.ஜேபிஜி’ என்று எழுதினாலும் உள்ளே இருக்கும் தரவு அப்படியேதான் இருக்கும். ஆகவே கவனமாக எழுதிய நிரல் பெயரை நம்பாது. கோப்பின் தொடக்கத்தைப் படிக்கும். 255, 216, 255 என்று தொடங்கினால் ஜேபெக். 66, 77 என்றால் பிட்மேப். பிஎன்ஜிக்கோ எட்டு எண்கள்: 137, 80, 78, 71, 13, 10, 26, 10. இவற்றில் ஒன்றுகூடக் காரணமில்லாமல் வந்ததில்லை.

1994 டிசம்பர் கடைசியில், ஜிஃப் படங்களைச் சுருக்கும் முறைக்குக் காப்புரிமை வைத்திருந்த யுனிசிஸ் நிறுவனம் மென்பொருள் தயாரிப்பாளர்களிடம் உரிமத் தொகை கேட்கும் என்ற அறிவிப்பு வந்தது. சில நாட்களிலேயே, 1995 ஜனவரி 4 அன்று, தாமஸ் பூட்டெல் கட்டணமில்லாத மாற்று வடிவம் ஒன்றின் முதல் வரைவை யூஸ்நெட்டில் வைத்தார். பலர் சேர்ந்து அதைச் செதுக்கினார்கள்; அதுவே பிஎன்ஜி ஆனது.

அன்று கோப்புகள் வழியில் கெட்டுப்போவது சகஜம். சில இணைப்புகள் பைட்டின் எட்டாவது பிட்டை உதிர்த்துவிடும். எஃப்டிபியை ‘டெக்ஸ்ட்’ நிலையில் விட்டால் அது வரிமுடிவுகளை மாற்றி எழுதும். எழுத்துக்குப் பரவாயில்லை, படம் பாழாகும். அதற்காகவே அந்த எட்டு எண்கள்.

எட்டாவது பிட் உதிர்ந்தால் 137 என்பது 9 ஆகிவிடும். 80, 78, 71 ஆகியவை பி, என், ஜி என்ற ஆங்கில எழுத்துகள். கோப்பைத் திறந்து பார்ப்பவர் கண்ணுக்கும் தெரியும். 13, 10 இரண்டும் டாஸ் வழக்கப்படியான வரிமுடிவு. யூனிக்ஸ் வழக்கத்துக்கு மாற்றினால் 13 காணாமல்போகும். 26 என்பது கண்ட்ரோல்-இசட்; டாஸில் ‘டைப்’ கட்டளை கொடுத்தால் திரையில் குப்பை கொட்டாமல் அங்கேயே நிறுத்திவிடும். கடைசி 10, எதிர்த்திசை மாற்றத்தைப் பிடிக்க; அப்படி மாறினால் அதன் முன் ஒரு 13 வந்து ஒட்டிக்கொள்ளும்.

1996 அக்டோபரில் டபிள்யூ3சி இந்த வடிவத்தைப் பரிந்துரையாக ஏற்றது. 2025-இல் வந்த மூன்றாம் பதிப்பிலும் அதே எட்டு எண்கள்தான்.

நிரல் எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எட்டும் பொருந்தாவிட்டால் ‘இது பிஎன்ஜி அல்ல’ என்று கதவை அடைத்துவிடாதீர்கள். எந்த இடத்தில் பிசகியது என்று பாருங்கள். முதல் நான்கும் சரியாக இருந்து ஐந்தாவதில் 13-க்குப் பதில் 10 நின்றால், அது பிஎன்ஜியாகப் புறப்பட்டு வழியில் கெட்ட கோப்பு. அதை அனுப்பியவரிடம் சொன்னால், மூலக்கோப்பை மறுபடி சரியாக அனுப்புவார்.