192 இருமல்கள்

லொக்!

தொண்டையில் கரகரப்பு இருந்தால் வரும். ஏ.சி. ஒத்துக்கொள்ளாவிட்டால் வரும். கச்சேரியில் யாராவது ஒருத்தர் ஆரம்பித்துவைத்தால் போதும், பத்து வரிசைக்குப் பரவும். இதைத் தாண்டி ஒரு இருமலுக்கு என்ன பெரிய அர்த்தம் இருந்துவிட முடியும்?

'ஒரு மில்லியன் பவுண்டு' என்றது லண்டன் போலீஸ். நம் பணத்தில், அன்றைய மதிப்புக்கு ஏறத்தாழ ஏழு கோடி ரூபாய்.

கதைக்குள் போவதற்கு முன் ஒரு நாற்காலியைப் பார்த்துவிடுவோம். அமிதாப் பச்சனுக்கு எதிரே போட்டிருப்பார்களே, அந்த ஹாட் சீட். 2012-ல் விஜய் டி.வி.யில் சூர்யாவுக்கு எதிரேயும் போட்டிருந்தார்கள். அதன் பூர்வீகம் பிரிட்டன். 1998 செப்டம்பரில் ஐ.டி.வி. என்கிற சேனலில் 'ஹூ வான்ட்ஸ் டு பி எ மில்லியனர்?' ஆரம்பித்தது. தயாரித்த கம்பெனியின் பெயர் செலடோர். நடத்தியவர் கிறிஸ் டாரன்ட். பதினைந்து கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் நாலு விடைகள், தடுமாறினால் கைகொடுக்க மூன்று லைஃப் லைன்கள். ஒரு கட்டத்தில் ஒரே இரவில் 1.9 கோடி பேர் உட்கார்ந்து பார்த்தார்கள்.

இவ்வளவு பெரிய பரிசுக்குப் பணம் எங்கிருந்து வந்தது? பி.காம். படித்தவனுக்கு இந்த இடத்தில்தான் வியப்பு வரும். போட்டியில் கலந்துகொள்ள விரும்புகிறவர்கள் கூடுதல் கட்டணமுள்ள ஒரு நம்பருக்குப் போன் செய்ய வேண்டும். நாடே விழுந்தடித்துக்கொண்டு போன் செய்தது. அந்த வருமானத்திலிருந்துதான் பரிசு. அதாவது, தோற்றவர்கள் போன் பில்லாகக் கட்டியதுதான் ஜெயித்தவருக்கு செக்காகப் போனது!

அப்படி விழுந்தடித்துக்கொண்டு போன் செய்த குடும்பங்களில் ஒன்று இங்க்ராம் குடும்பம். மனைவி டயானா ஹாட் சீட்டில் உட்கார்ந்து 32,000 பவுண்டு ஜெயித்திருந்தார். அவருடைய சகோதரரும் அதே தொகையை ஜெயித்திருந்தார். கணவர் சார்லஸ் இங்க்ராம், பிரிட்டிஷ் ராணுவத்தின் பொறியியல் படையில் மேஜர். மச்சான் ஜெயித்தாச்சு, மனைவி ஜெயித்தாச்சு, மிச்சம் இருப்பது இவர்தான்.

2001 செப்டம்பர் 9. எல்ஸ்ட்ரீ ஸ்டூடியோவில் மேஜரின் முறை வந்தது. முதல் நாள் முடிவில் 4,000 பவுண்டு. அதற்குள் மூன்று லைஃப் லைன்களில் இரண்டு காலி. 'மனுஷன் நாளைக்குத் தாண்டமாட்டார்' என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

மறுநாள் செப்டம்பர் 10. மேஜர் ஆளே மாறியிருந்தார். விடைகளை ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொல்வார். ஒன்றைப் பிடித்துக்கொள்வார், விடுவார். இன்னொன்றுக்குத் தாவுவார், திரும்பி வருவார். ஒரு பாப் ஆல்பம் யாருடையது என்ற கேள்வியில், தான் கேள்விப்பட்டே இராத ஒரு பாடகரின் பெயருக்கு மாறினார். சரி! பாரன் ஹாஸ்மான் எந்த நகரத்தைத் திட்டமிட்டு அமைத்தார் என்றார்கள். பெர்லின் என்றார், பிறகு பாரிஸ் என்று மாற்றினார். சரி! ஐந்து லட்சம் பவுண்டு!

கடைசிக் கேள்வி. ஒன்றுக்குப் பின்னால் நூறு சைபர் போட்டால் அந்த எண்ணுக்கு என்ன பெயர்? கூகோல், மெகாட்ரான், கிகாபிட், நானோமோல். (இன்றைக்கு நாம் தினமும் தட்டுகிற கூகுளுக்கே பெயர் இந்த எண்ணிலிருந்துதான் வந்தது.) மேஜர் முதலில் நானோமோல் பக்கம் சாய்ந்தார். கூகோல் என்று கேள்விப்பட்ட மாதிரியே இல்லை என்றார். அப்புறம் சுற்றிச் சுற்றி வந்து கூகோலிலேயே நின்றார். டாரன்ட் செக்கில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அரங்கம் எழுந்து நின்றது.

இப்போது அந்த அரங்கத்தின் இன்னொரு பக்கம் பாருங்கள். ஹாட் சீட்டில் அடுத்து உட்காரக் காத்திருக்கும் போட்டியாளர்களில் ஒருவர், வேல்ஸைச் சேர்ந்த கல்லூரி ஆசிரியர் டெக்வென் விட்டாக். அவருக்குத்தான் இருமல். சரியான விடையை மேஜர் வாய்விட்டுச் சொல்லும்போதெல்லாம், லொக்!

செலடோர் ஆட்களுக்குச் சந்தேகம் வந்தது. ஒலிப்பதிவைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார்கள். செக்கை நிறுத்தினார்கள், போலீஸுக்குப் போனார்கள். நிகழ்ச்சி ஒளிபரப்பாகவே இல்லை.

2003 மார்ச். லண்டன் சதக் கிரவுன் கோர்ட். மேஜர், மனைவி, கல்லூரி ஆசிரியர் மூவரும் கூண்டில். குற்றச்சாட்டின் வாசகத்தைக் கேளுங்கள்: 'மதிப்புள்ள ஓர் ஆவணத்தை ஏமாற்றி எழுதி வாங்கியது.' ஆவணம் என்றால் வேறொன்றுமில்லை, அந்த செக்தான்.

அரசுத் தரப்பிடம் இருமல் மட்டும் இல்லை. முந்தின நாள் இரவு டயானாவுக்கும் விட்டாக்குக்கும் நடுவே நடந்த போன் பேச்சு இருந்தது. முதலில் பேஜர்களை உடம்பில் கட்டிக்கொண்டு ஏமாற்றத் திட்டம் போட்டு, அது சரிப்படாமல்தான் இருமலுக்கு மாறினார்கள் என்றார்கள். ஹாஸ்மான் கேள்வியின்போது இருமலோடு சேர்த்து 'நோ' என்று ஒரு குரலும் கேட்டதாகச் சொன்னார்கள். ஒரு மில்லியன் ஜெயித்த தம்பதி மேக்கப் அறையில் சந்தோஷப்படாமல் சண்டை போட்டுக்கொண்டதாக ஊழியர்கள் சாட்சி சொன்னார்கள்.

எதிர்த்தரப்பு என்ன சொன்னது? விட்டாக்குக்கு அலர்ஜி. தூசி பட்டால் இருமல் வரும், அது அவருக்குப் பழைய வியாதி. மருத்துவ நிபுணர்களும் வந்து பேசினார்கள். மேஜருக்கு எதிரே, கை நீட்டினால் தொடும் தூரத்தில் உட்கார்ந்திருந்த டாரன்ட்டையே கூப்பிட்டுக் கேட்டார்கள். தனக்கு அன்று எந்தச் சந்தேகமும் வரவில்லை என்று அவரே சொன்னார்!

இந்த இடத்தில் ஒரு சின்ன கணக்கு. அன்றைய பதிவில் இருந்த மொத்த இருமல்கள் 192. இவை 'அர்த்தமுள்ளவை' என்று வழக்கில் காட்டப்பட்டவை 19. மிச்சம் 173 இருமல்கள்? அவை வெறும் இருமல்கள்.

ஜூரிகள் கேட்டது, இருமல்கள் தெளிவாகத் தெரியும்படி செலடோரே தொகுத்துக் கொடுத்த பதிவு. ஆடிட்டிங் படித்தவர்களுக்கு ஒரு பாலபாடம் உண்டு. எந்த வவுச்சரை எடுத்துப் பார்ப்பது என்பதைக் கணக்கு எழுதியவன் முடிவு செய்யக்கூடாது. இங்கே புகார் கொடுத்த கம்பெனியிடமிருந்துதான் சாட்சியமும் வந்தது. அந்த 19 இருமல்களும் உண்மையாகவே சமிக்ஞையாக இருக்கலாம். ஆனால், மற்ற 173-ஐத் தள்ளிவைத்துவிட்டு 19-ஐ மட்டும் அடுத்தடுத்துக் கேட்டால், யாருக்குத்தான் சந்தேகம் வராது?

2003 ஏப்ரல் 7-ல் தீர்ப்பு. மூவரும் குற்றவாளிகள். தம்பதிக்கு 18 மாதமும் விட்டாக்குக்கு 12 மாதமும் சிறை. ஆனால் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது, உள்ளே போகவில்லை. அபராதம் போட்டார்கள். ராணுவம் மேஜரைப் பதவி விலகச் சொன்னது. அதே ஆண்டு அக்டோபரில் ஓர் இன்ஷூரன்ஸ் மோசடி வழக்கிலும் அவர் குற்றவாளி என்று தீர்ப்பானது. மிச்சமிருந்த அனுதாபமும் போயிற்று. அடுத்து திவால். மேல்முறையீட்டிலும் தீர்ப்பு மாறவில்லை. இன்றுவரை மாறவில்லை.

கோர்ட் தண்டனை ஒரு பக்கம். பெரிய தண்டனையைக் கொடுத்தது டி.வி.தான். தீர்ப்பு வந்து இரண்டே வாரத்தில் ஐ.டி.வி. ஒரு டாக்குமென்டரி போட்டது. இருமல் சத்தத்தைத் தூக்கி வைத்து, ஒவ்வொன்றாக லொக்... லொக்... ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்டவர்கள் பார்த்தார்கள். விளம்பர இடைவேளையில் முதலில் வந்தது என்ன தெரியுமா? இருமல் மருந்து விளம்பரம்! வியாபாரம் என்றால் இப்படி அல்லவா இருக்க வேண்டும். அதற்கப்புறம் தெருவில் போகிறவர்கள் வருகிறவர்களெல்லாம் அந்தத் தம்பதியைப் பார்த்து இருமிக் காட்ட ஆரம்பித்தார்கள்.

பன்னிரண்டு வருஷம் கழித்துக் காற்று லேசாகத் திசை மாறியது. 2015-ல் பாப் வுஃபிண்டன் என்கிற பத்திரிகையாளரும் ஜேம்ஸ் பிளாஸ்கெட் என்கிற செஸ் கிராண்ட்மாஸ்டரும் சேர்ந்து ஒரு புத்தகம் எழுதினார்கள். மூவரும் நிரபராதிகள் என்பது அவர்கள் வாதம். பிளாஸ்கெட்டும் அதே ஹாட் சீட்டில் உட்கார்ந்து இரண்டரை லட்சம் பவுண்டு ஜெயித்தவர். அவர் சொல்வது சுவாரசியமானது. விடை தெரிந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார், எதிரே ஒருத்தர் தப்பும் தவறுமாகத் தடவிக்கொண்டிருக்கிறார். சரியான விடை காதில் விழுந்ததும் இவருக்கு உள்ளே ஒரு படபடப்பு. அது தன்னையறியாமல் இருமலாக வெளியே வரலாம். அப்படியென்றால் இருமலும் உண்மை, விடையோடு அது ஒத்துப்போனதும் உண்மை, சதி மட்டும் பொய்.

இதை வைத்து ஜேம்ஸ் கிரஹாம் என்கிற நாடக ஆசிரியர் 'க்விஸ்' என்று ஒரு நாடகம் எழுதினார். 2017-ல் சிசெஸ்டரில் மேடையேறி, அடுத்த வருஷம் லண்டனுக்கு வந்தது. முதல் பாதியில் அரசுத் தரப்பு, இரண்டாம் பாதியில் எதிர்த்தரப்பு. பார்வையாளர்கள் கையில் பட்டன். ஒவ்வொரு பாதி முடிந்ததும் ஓட்டுப் போட வேண்டும். முதல் பாதி முடிந்து 'குற்றவாளி' என்று அமுக்கிய அதே விரல்கள், பல இரவுகளில் இரண்டாம் பாதி முடிந்ததும் 'இல்லை' என்று அமுக்கின. ஒரு மணி நேரத்தில்! இடைவேளையில் அவர்கள் சாப்பிட்டது என்னவோ ஐஸ்கிரீம்தான். மாறியது, கதை சொல்லப்பட்ட வரிசை.

அப்புறம் அதுவே டி.வி. டிராமா ஆனது. இயக்கியவர் ஸ்டீபன் ஃபிரியர்ஸ். மேஜராக மேத்யூ மெக்ஃபேடியன், டயானாவாக ஷான் கிளிஃபர்ட், டாரன்ட்டாக மைக்கேல் ஷீன். 2020 ஏப்ரல் 13, 14, 15 என்று தொடர்ந்து மூன்று இரவுகள். தேதியைக் கவனித்தீர்களா? கொரோனா ஊரடங்கு! இருமினால் பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்திக்கொண்ட காலம். வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்த ஒரு தேசம், மூன்று ராத்திரி உட்கார்ந்து இருமலைப் பற்றிய கதையைப் பார்த்தது.

மூன்றாவது பகுதியில் எதிர்த்தரப்பு வக்கீலாக ஹெலன் மெக்ரோரி எழுந்து நிற்கும்போது, அதுவரை நாம் பார்த்ததெல்லாம் வேறு மாதிரி தெரிய ஆரம்பிக்கும். அதுதான் அந்த டிராமாவின் பலம். அது ஒளிபரப்பானது எந்தச் சேனலில்? அதே ஐ.டி.வி.! 2003-ல் 'பாருங்கள், திருடன்' என்று காட்டிய சேனலே 2020-ல் 'ஒருவேளை இல்லையோ?' என்று கேட்டது. ஒரு மில்லியன் பவுண்டு கைமாறவே இல்லை. ஆனால் அந்தக் கதை இரண்டு தடவை விலைபோனது.

இந்த இருமல் நம் ஊர் வரைக்கும் கேட்டது என்றால் நம்புவீர்களா? லண்டனில் இந்தியத் தூதரகத்தில் வேலை பார்த்த விகாஸ் ஸ்வரூப்புக்கு இந்த வழக்கைப் பார்த்து ஒரு பொறி தட்டியது. ஒரு ராணுவ மேஜரையே சந்தேகப்படுகிறார்கள் என்றால், குடிசைப் பகுதியிலிருந்து வரும் பையன் ஜெயித்தால் சும்மா விடுவார்களா? அது 2005-ல் நாவலானது, 2008-ல் 'ஸ்லம்டாக் மில்லியனர்' ஆனது. ஏ.ஆர்.ரஹ்மான் இரண்டு ஆஸ்கரோடு மேடையில் நின்றாரே, அந்தப் படம்தான். ஏமாற்றினான் என்று பழி சுமத்தப்பட்டு, போலீஸிடம் அடிபட்டு, கடைசியில் நிரபராதி என்று தெரியவரும் ஒரு போட்டியாளனின் கதை.

அந்தப் படத்தைத் தயாரித்த நிறுவனங்களில் ஒன்றின் பெயர், செலடோர் ஃபிலிம்ஸ்.

உலகமே அந்தப் பையனை நம்பியது. காரணம், அவனுக்கு ஒவ்வொரு விடையும் எப்படித் தெரிந்தது என்பதை முதலிலிருந்தே நமக்குக் காட்டிவிட்டார்கள். மேஜரின் விஷயத்தில் நமக்கு முதலில் காட்டப்பட்டது தீர்ப்பு. அதற்குப் பிறகுதான் இருமலையே கேட்க வைத்தார்கள்.

'க்விஸ்' டிராமா எங்காவது பார்க்கக் கிடைத்தால் விடாதீர்கள். ஒன்றே ஒன்று செய்யுங்கள். முதல் பகுதி முடிந்ததும் உங்கள் தீர்ப்பை ஒரு துண்டுத்தாளில் எழுதி மடித்து வையுங்கள். மூன்றாவது பகுதி முடிந்ததும் பிரித்துப் பாருங்கள்.